மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும் பெயர்கள்

ஸ்பாட்டிஃபை செயலியில் ஏதாவது ஒரு நடன இசைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பாடலின் பெயர், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒன்றிரண்டு கலைஞர்களின் பெயர், ஓரத்தில் மூன்று புள்ளிகள். அந்தப் புள்ளிகளைத் தொட்டு, விரிகிற வரிசையில் 'கிரெடிட்ஸ்' என்பதைத் தேடித் தொட்டால்தான் பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் பெயர்கள் வரும். பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காதில் இயர்போன் மாட்டிக் கேட்கிறவர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை.

இந்தக் கட்டுரை அந்த மூன்று புள்ளிகளைப் பற்றியது. பிளேலிஸ்ட், ரீமிக்ஸ், புரமோஷன் எல்லாம் தமிழ்த்துறைக்கு வெளியே இருக்கும் சங்கதிகள் என்று தோன்றலாம். ஆனால் பாட்டு ஊர் ஊராகப் போக, பாடியவள் பெயர் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவது பழைய கதை. அந்தக் கதையின் சில அத்தியாயங்கள் நான் வாழும் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தவை. அவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் இன்றைய பட்டியல்களின் அரசியல் புரிகிறது.

கல்லில் ஏறிய பெயர்கள்

குடுமியான்மலைக் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தமைதியை வைத்து ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, பண்களுக்கான சுரக்கோவைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. பயில்கிறவர்களுக்காக இதைச் செய்தவன் ருத்ராசாரியார் என்பவரின் மாணவனான ஓர் அரசன். அரசனின் இயற்பெயர் கல்லில் இல்லை. ஆசிரியரின் பெயர் இருக்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மன்தானா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இசையைப் பாறையில் ஏற்றியபோது உடன் ஏறியது குருபரம்பரையின் பெயர்.

அதே கோயிலில் பிற்காலத்துக் கல்வெட்டில் இன்னொரு பெயர் உண்டு: துர்க்கையாண்டி மகள் உமையாள்வி. அவர் தேவரடியார். கோயிலிடமிருந்து நிலம் வாங்கி அம்மன் சன்னதியை எழுப்பியவர். கையில் நிலமும் பொருளும் இருந்ததால் அவர் பெயர் கல்லில் நின்றது. அவரோடு அதே கோயிலில் ஆடியும் பாடியும் தொண்டு செய்த, நிலம் வாங்க முடியாத பெண்களின் பெயர்கள் எங்கே? கல்வெட்டு செலவு பிடிக்கும் வேலை. பெயரை வெட்டச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்கள் பெயர்தான் வெட்டப்பட்டது. இசையைச் சுமந்து செல்லும் ஊடகம் மாறியபோதெல்லாம் இந்த விதியும் கூடவே வந்திருக்கிறது.

தட்டில் சொன்ன பெயர்

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். அதைக் கலைஞரின் செருக்கு என்று ரசிக்கிறவர்கள் உண்டு. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலில் போய் அங்கேதான் தட்டுகளாக அச்சாயின. மொழி தெரியாத அங்கிருந்த தொழிலாளர்கள் எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று தெரிந்துகொள்ள, பாடியவர் வாயாலேயே பெயர் பதிவானது. இன்று 'மெட்டாடேட்டா' என்று சொல்வதை அன்று ஒரு பெண் தன் குரலிலேயே பாட்டின் கடைசியில் சேர்த்தார். அதை யாராலும் பிய்த்தெடுக்க முடியவில்லை.

தமிழகத்தில் கிராமபோனுக்கு முதலில் பாடியவர்களில் பலர் தேவதாசி மரபுப் பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் என்று ஊர்ப் பெயரோடு அச்சானார்கள். அப்பன் பெயரோ கணவன் பெயரோ ஒட்டாத பெயர்கள் அவை. மேல்சாதி ஆண் வித்துவான்கள் இயந்திரத்தின் முன் பாடத் தயங்கிய காலத்தில் இவர்கள் துணிந்து பாடினார்கள். தாயியின் தட்டைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் அந்தக் குரலில் மயங்கினார். தாசி வீட்டுப் பெண்களை வாசலுக்குள் விடாத வீடுகளின் கூடத்தில் அவர்கள் குரல் ஒலித்தது. குரலுக்குத் தீட்டு இல்லாமல் போனது, ஆளுக்கு இருந்தது.

இந்த இடத்தில் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியைப் பேசாமல் போக முடியாது. 1886இல் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே மன்னரின் அனுமதியோடு சேர்ந்து, பிறகு மருத்துவரானார். 1927இல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்து, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்கு எதிராகப் போராடினார். சட்டம் 1947இல்தான் முழுமையாக வந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயம் எனக்குப் பெரிது. பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளின் உடல் சார்ந்த நியாயம் அது. ஆனால் பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததும் வரலாறுதான். எங்கள் கலையையும் சொத்துரிமையையும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. அடுத்த சில பத்தாண்டுகளில் கச்சேரி மேடை குடும்பப் பெண்களுடையதானது. தட்டில் பெயர் பதித்த பரம்பரையில் பலர் அந்தப் பெயரைச் சொல்லவே கூச வைக்கப்பட்டார்கள். பெயரைப் பதிவதோடு வேலை முடிவதில்லை. அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லும் சூழலும் வேண்டும்.

சக்கரத்தில் போன பாட்டு

கம்பெனி எதுவும் இல்லாமல் ஒரு பாட்டு மாவட்டம் முழுக்கப் பரவியதும் இங்கே நடந்திருக்கிறது. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு அந்த இயக்கத்தின் அடையாளமானது. வயலில் வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்ததைப் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அந்தப் பாட்டு எப்படிப் பரவியது? கற்றவள் கற்காதவளுக்குப் பாடிக் காட்டினாள். கலைக்குழு ஊருக்குள் வரும். பாட்டு அங்கேயே தங்கிவிடும். அடுத்த ஊருக்கு அதைச் சைக்கிளில் கொண்டுபோனதும் பெண்தான். இன்றைய புரமோஷன்காரர்கள் காசு கொடுத்து வாங்க ஆசைப்படும் 'வாய்வழிப் பரவல்' இதுதான். எழுதியவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அதைத் தூக்கிச் சுமந்த ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர்கள் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டின் பலன் அவர்களிடமே தங்கியது. பால் விற்கவும், தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவர்கள் யாருடைய கேரியரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. பெயர் தங்காவிட்டாலும் பலன் தங்கியது ஒரு வகை. பெயரும் தங்காமல் பலனும் தங்காமல் குரல் மட்டும் எடுக்கப்படுவது இன்னொரு வகை. நடன இசையின் வரலாறு இரண்டாவது வகையில் நிறைந்திருக்கிறது.

கடன் வாங்கிய குரல்

மின்னணு நடன இசையின் பெரிய கிளையான ஹவுஸ், 1980களில் சிகாகோவின் கறுப்பின, தன்பாலின விடுதிகளில் வளர்ந்தது. டிரம் மெஷினும் சின்தசைசரும் எடுத்த தாளத்துக்கு மேலே உயிராக இருந்தவை பெரும்பாலும் கறுப்பினப் பெண்களின் குரல்கள். லோலீட்டா ஹாலோவே 1980இல் பாடிய ஒரு பாட்டிலிருந்து குரலை வெட்டியெடுத்து, பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு 1989இல் 'ரைட் ஆன் டைம்' பாடலை வெளியிட்டது. அது அந்த ஆண்டு பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள். திரையில் வாயசைத்தவர் ஓர் ஒல்லியான மாடல். ஹாலோவே வழக்குப் பேசித்தான் தன் பங்கைப் பெற வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு மார்த்தா வாஷுக்கும் அதுவே நடந்தது. சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் புகழ்பெற்ற நடனப் பாடலில் கேட்கும் அந்த ஓங்கிய குரல் அவருடையது. வீடியோவில் வேறொருவர் வாயசைத்தார். வாஷ் பருத்த உடல்வாகு கொண்டவர் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் நீதிமன்றம் போனார். அந்த வழக்குகளுக்குப் பிறகுதான் குரல் கொடுத்தவர் பெயரை அட்டையிலும் வீடியோவிலும் போடும் கட்டாயம் அமெரிக்க இசைத்துறையில் உறுதிப்பட்டது. கண்ணுக்கு ஒரு பெண், காதுக்கு இன்னொரு பெண் என்று பிரித்து விற்ற வணிகத்தை ஒரு பாடகி வழக்குப் போட்டு நிறுத்தினார்.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது

இன்று நடன இசைப் பாடல் செய்கிறவர் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி, ஒலிக்கோப்பையும் படத்தையும் ஏற்றி ஒரு படிவத்தை நிரப்புகிறார். முதன்மைக் கலைஞர் யார், உடன் பாடியவர் யார், ரீமிக்ஸ் செய்தவர் யார், எழுதியவர் யார் என்று கட்டங்கள். பிறகு வெளியீட்டுத் தேதிக்குக் குறைந்தது 7 நாட்கள் முன்னதாகப் பட்டியல் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிக்கிறார். எந்த வகை, என்ன மனநிலை, எந்த வாத்தியங்கள் என்று அந்த விண்ணப்பம் கேட்கும். இந்த மெட்டை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காது.

பட்டியல்கள் மூன்று விதம். நிறுவனத்தின் ஆசிரியர்கள் தொகுப்பவை, கணினி ஒவ்வொருவர் ரசனைக்கும் ஏற்பத் தொகுப்பவை, நம்மைப் போன்றவர்கள் தொகுப்பவை. 30 விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதனால் டி.ஜே.க்கள் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வசதியாக இருந்த நீண்ட தாள முன்னுரை வெட்டப்பட்டு, குரல் முதலிலேயே வருகிறது. ஒரே பாட்டுக்கு ரீமிக்ஸ்களைச் சில வார இடைவெளியில் வெளியிட்டால் ஒவ்வொன்றுக்கும் புதிதாக விண்ணப்பிக்கலாம். பரிந்துரையில் முன்னுரிமை வேண்டுமானால் ராயல்டியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் 'டிஸ்கவரி மோட்' உண்டு. 2024 முதல் 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசே தருவதில்லை.

இந்தக் கட்டங்களை நிரப்பும் கைகள் யாருடையவை? 2012 முதல் 2020 வரை பில்போர்டு ஹாட் 100 ஆண்டுப் பட்டியல்களில் இடம்பெற்ற பாடல்களை ஆராய்ந்த தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அனன்பெர்க் குழு, கலைஞர்களில் பெண்கள் 21.6 சதவீதம் என்றும் தயாரிப்பாளர்களில் 2.6 சதவீதம் என்றும் கண்டது. குரல் வேண்டும் என்கிறபோது பெண் இருக்கிறாள். படிவம் நிரப்புகிற இடத்தில் அவள் இல்லை.

நம் கண்முன் நடந்தது

2021 மார்ச் 7, மகளிர் தினத்துக்கு முந்தைய நாள், 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியானது. பாட்டின் உயிர், பாடலாசிரியர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய நிலமற்ற தலைமுறையின் கதை. ஒப்பாரியின் வார்ப்பும் அதில் உண்டு. வீடியோவில் வள்ளியம்மாள் அரியணையில் அமர்ந்திருப்பார். ஆனால் யூடியூப் தலைப்பில் தீ முதன்மைக் கலைஞர், எழுதிப் பாடிய அறிவு 'ஃபீட்', சந்தோஷ் நாராயணன் தயாரிப்பாளர். அதே ஆண்டு பிரெஞ்சு டி.ஜே. ஸ்னேக்கின் நடன ரீமிக்ஸ் வந்தது. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் ஸ்பாட்டிஃபை விளம்பரப் பலகையில் தீயும் டி.ஜே. ஸ்னேக்கும் இருந்தார்கள். அறிவு இல்லை. ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டைப்படத்திலும் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் ஆகஸ்டில் இதைப் பொதுவெளியில் கேள்வி கேட்ட பிறகு அந்த இதழ் அறிவுக்குத் தனி அட்டை வெளியிட்டது. தாங்கள் அறிவை மறைக்கவில்லை என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பிறகு விளக்கம் அளித்தார்கள். அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

இதில் ஒரு பெண்ணியவாதிக்குச் சங்கடம் உண்டு. பலகையில் இருந்தது ஒரு பெண்ணின் முகம். விடுபட்டது ஓர் ஆணின் பெயர். அதே மார்ச்சில்தான் ஸ்பாட்டிஃபை பெண் கலைஞர்களுக்கென்று 'ஈக்வல்' பட்டியல்களைத் தொடங்கியது. பெண் முகம் முன்னால் வந்துவிட்டதே, பிறகென்ன என்று விட்டுவிட முடியுமா? விடுபட்டவர் தலித். அவர் பெயரோடு சேர்ந்து பின்னால் போனது தோட்டத்தில் உழைத்த ஒரு கிழவியின் வாழ்க்கை. சாதியைக் கழித்துவிட்டுப் பெண்களை மட்டும் எண்ணினால் அந்தக் கணக்கு வள்ளியம்மாளைச் சேர்க்காது. அறிவு 2024இல் தன் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். படிவத்தில் பாட்டிக்குக் கட்டம் இல்லாதபோது, தலைப்பையே பாட்டியின் கட்டமாக மாற்றிக்கொண்டார் என்று நான் படிக்கிறேன்.

ஒரு படிவம்

எல்லாத் துறை மாணவிகளுக்கும் நான் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறேன். ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த கணினி அறிவியல் மாணவி ஒருத்தி, நாட்டுப்புறப் பாடல் பாடத்துக்காகத் தன் அப்பாயியின் நடவுப் பாட்டையும் குலவையையும் செல்போனில் பதிவு செய்து வந்தாள். மூன்று மாதம் கழித்து அதே குரலைக் கணினியில் வெட்டி, நிமிடத்துக்கு 124 தட்டு வேகத்தில் நடன இசையாக்கிக் கொண்டுவந்தாள். தாளம் நின்று, ஒரு நொடி அமைதிக்குப் பிறகு குலவை எழும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படிவம் நிரப்பும்போதுதான் சிக்கல். முதன்மைக் கலைஞர் இடத்தில் தன் புனைபெயர். எழுதியவர் இடத்தில் 'டிரெடிஷனல்' என்று போடலாமா என்று கேட்டாள். மரபுப் பாடல் என்றால் எல்லோருக்கும் சொந்தம் என்பது நல்ல வார்த்தை. ஆனால் அந்தக் கட்டத்தில் அதற்கு அர்த்தம், யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்பது. நடவில் பாட்டெடுத்துக் கொடுப்பவள் கேட்டதை அப்படியே ஒப்பிப்பதில்லை. அன்றைய கூலி, அன்றைய மழை, வரப்பில் குடை பிடித்து நிற்பவரின் கஞ்சத்தனம் எல்லாம் சேர்த்துக் கட்டுவாள். அந்தப் பதிவில் இருந்த வரிகளில் பாதி அந்தக் கிழவி கட்டியவை. அவர் பாடலாசிரியர்.

அப்பாயியின் பெயரைப் போட அவள் அப்பா ஒப்பவில்லை. "எங்க அம்மா கூலிக்கு நட்டதைப் பாட்டாப் போட்டு ஊருக்குக் காட்டணுமா? நீ படிச்சு வேலைக்குப் போற புள்ள, நாளைக்கு நாலு பேரு என்ன சாதின்னு கேப்பான்" என்றார். அந்தப் பயத்தை என்னால் எள்ள முடியவில்லை. பெயர் மறைவதில் ஒரு பாதுகாப்பு இருப்பதாக நம்ப வைக்கும் சமூகம் இது. அப்பாயியிடமே கேட்கச் சொன்னேன். "பேரு போட்டா கேஸு கீஸு வருமா?" என்று கேட்டவர், வராது என்றதும், தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த, எப்போதோ இறந்துபோன நடவுக்காரியின் பெயரையும் போடச் சொன்னாராம். இரண்டு பெயர்களும் எழுதியவர் கட்டத்தில் ஏறின. அப்பாயி உடன் பாடியவர் ஆனார். அப்பா சில வாரம் மகளோடு சரியாகப் பேசவில்லை.

எந்த ஆசிரியர் பட்டியலும் பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. 1,500 ரூபாய் கொடுத்தால் 10,000 தடவை ஓட வைக்கிறேன் என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் வந்தார். அப்படி ஓட்டுவது பெரும்பாலும் இயந்திரக் கணக்குகள். பிடிபட்டால் பாட்டே நீக்கப்படும் என்று அவளே மறுத்துவிட்டாள். தோழிகள் தங்கள் பட்டியல்களில் சேர்த்தார்கள். ஒரு தனியார் டவுன் பஸ் ஓட்டுநர் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டார். பஸ்ஸில் அது பெயரில்லாமல் 'குலவை மாஸ் ரீமிக்ஸ்' ஆனது. ஓராண்டில் செயலியின் கணக்கு 780ஐத் தாண்டவில்லை. 1,000 ஆகாததால் காசு இல்லை.

கட்டங்களை நிரப்புகிறவர்களுக்கு

நாட்டுப்புறக் குரலை மாதிரியாக எடுத்து நடன இசை செய்யும் பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களிடம் நான் கேட்பது சில எளிய காரியங்கள். பதிவு செய்யும் முன் பாடுகிறவரிடம் எதற்காக என்று சொல்லுங்கள். அவர் பெயரையும், சொல்லிக்கொடுத்தவர் பெயரையும், ஊரையும் அந்தப் பதிவிலேயே அவர் வாயால் சொல்ல வையுங்கள். கௌஹர் ஜான் செய்தது அதைத்தான். வரி அவர் கட்டியதென்றால் பாடலாசிரியர் கட்டத்தில் அவர் பெயரைப் போட்டு, பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால் அதை மதியுங்கள். அவர் மகன் சொன்னால் அவரிடம் மறுபடி கேளுங்கள். ரீமிக்ஸுக்குக் கொடுக்கும்போது இந்தப் பெயர்கள் புதிய படிவத்திலும் ஏறுகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உதிர்கின்றன.

கேட்கிறவர்களுக்கும் வேலை உண்டு. பட்டியல் தொகுக்கிறவர் விவரக் குறிப்பில் குரலுக்குரியவர் பெயரை ஒரு வரி எழுதலாம். பிடித்த பாட்டு ஓடும்போது அந்த மூன்று புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கலாம். உள்ளே பெயர் இல்லையென்றால், யாருடைய குரல் இது என்று வெளியிட்டவரிடம் எழுதிக் கேட்கலாம். மார்த்தா வாஷுக்கு நீதிமன்றம் போக வசதி இருந்தது, உமையாள்விக்கு நிலம் வாங்கப் பொருள் இருந்தது. நடவுக்காரிகளுக்கு அந்த இரண்டும் இல்லை. அவர்களுக்காகக் கேட்பதற்கு, படிவம் நிரப்பத் தெரிந்த அவர்கள் பேத்திகள் இருக்கிறார்கள்.